காதொலிக் கருவித் தேர்வு

காதொலிக் கருவித் தேர்வு என்பது, கேட்டல் குறைபாடு உள்ள ஒருவரின் செவி நிலை, தொழில், வாழும் சூழல், செலவிடக்கூடிய பணம் ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு, அவருக்குப் பொருத்தமான காதொலிக் கருவியைத் தெரிந்தெடுத்து, அதை அவருடைய செவிக்கு ஏற்றவாறு சீரமைக்கும் செயல்முறை ஆகும். காதொலிக் கருவி பேச்சு வழக்கில் காது மிஷின் என்று அழைக்கப்படுகிறது. கேட்புக் கருவி, செவித்துணைக் கருவி ஆகிய பெயர்களும் வழக்கில் உள்ளன.

மூக்குக் கண்ணாடியைப் போலவே காதொலிக் கருவியும் அளந்து பொருத்தப்பட வேண்டிய ஒன்றாகும். எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் உரக்கச் செய்யும் கருவி பெரும்பாலானோருக்குப் பயன்படுவதில்லை. குறிப்பாக இரைச்சலாலும் வெடியொலியாலும் செவித்திறன் குறைந்தவர்களுக்கு அத்தகைய கருவி தொல்லையாகவே முடிகிறது. தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய பட்டாசுத் தொழில் வட்டாரம் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

செவி இயங்கும் முறை

காற்றில் வரும் ஒலியலை புறச்செவியின் வழியே சென்று செவிப்பறையை அதிரச் செய்கிறது. நடுச்செவியில் உள்ள மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. உட்செவியில் நத்தை ஓடு போன்று சுருண்ட உறுப்பில், நீர்மத்தால் சூழப்பட்ட ஆயிரக்கணக்கான மயிர்க்கலங்கள் உள்ளன. இவை அதிர்வை மின் குறிப்புகளாக மாற்றிச் செவி நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன.

செவிநத்தையின் தொடக்கப் பகுதி உயர்ந்த அதிர்வெண்களையும், சுருளின் உட்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களையும் உணர்கிறது. மனிதரில் ஒருமுறை அழிந்த மயிர்க்கலம் மீண்டும் வளர்வதில்லை. எனவே இரைச்சலால் ஏற்படும் நிலையான கேட்டல் இழப்பை மருந்தால் மீட்க முடியாது. ஆனால் அதைத் தடுக்க முடியும்.

கேட்டல் குறைபாட்டின் வகைகள்

கடத்தல் குறைபாடு: புறச்செவி அல்லது நடுச்செவியில் ஒலி தடைபடுவதால் ஏற்படுவது. காதுக் குறும்பி அடைத்தல், சீழ் வடிதல், செவிப்பறை கிழிதல், சிற்றெலும்புகள் விலகுதல் முதலியன இதற்குக் காரணங்கள். இவற்றுள் பலவற்றை மருத்துவத்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்யலாம்.

உணர்நரம்புக் குறைபாடு: உட்செவியிலோ செவி நரம்பிலோ ஏற்படும் பாதிப்பு. முதுமை, இரைச்சல், சில மருந்துகள், மரபுக் கூறுகள் முதலியன காரணங்கள். காதொலிக் கருவி அணிவோரில் பெரும்பாலோர் இவ்வகையினர்.

கலப்புக் குறைபாடு: மேற்கூறிய இரண்டும் சேர்ந்து இருப்பது. வெடி விபத்தில் சிக்கியவர்களுக்குச் செவிப்பறை கிழிவதுடன் மயிர்க்கலங்களும் சேதமடையக்கூடும் என்பதால் இவ்வகை காணப்படுகிறது.

வகை எதுவென்று தெரியாமல் கருவி வாங்குவது தவறு. குறும்பியை அகற்றினாலே கேட்கக்கூடிய ஒருவர் ஆயிரக்கணக்கில் செலவு செய்து கருவி வாங்க வேண்டியதில்லை.

விருதுநகர் மாவட்டச் சூழல்

விருதுநகர் மாவட்டம் 1985ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இந்தியாவில் தயாராகும் பட்டாசுகளின் பெரும்பகுதி சிவகாசியிலும் அதன் சுற்றுப்புற ஊர்களிலும் செய்யப்படுகிறது. தீப்பெட்டித் தொழிலும் அச்சுத் தொழிலும் இங்கு நெடுங்காலமாக நடந்து வருகின்றன. இராசபாளையத்தில் நூற்பாலைகள் மிகுதி.

தொழிற்கூட இரைச்சல்

பட்டாசுத் தொழிலாளர் அனைவரும் நாள் முழுவதும் வெடிச்சத்தத்தில் இருக்கின்றனர் என்பது பொதுவாக நிலவும் தவறான எண்ணம். குழாய் சுற்றுதல், திரி செருகுதல், மருந்து செலுத்துதல், கட்டுதல் முதலிய பணிகள் பெரும்பாலும் கையால் செய்யப்படுபவை. அவற்றில் ஓசை குறைவு. செவிக்கு இடர் வருவது வெடித்துப் பார்க்கும் சோதனையின்போதும் விபத்தின்போதும் ஆகும். மாறாக, நூற்பாலை, அச்சுக்கூடம், உலோகத்தூள் அரைக்கும் ஆலை ஆகியவற்றில் இரைச்சல் இடைவிடாதது. எனவே ஒரே மாவட்டத்தில் இருவகைச் செவிச்சேதம் ஏற்பட வாய்ப்புண்டு.

தொடர் இரைச்சல்: பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக மயிர்க்கலங்களை அழிப்பது. வலி இருக்காது. பாதிக்கப்பட்டவர் நெடுங்காலம் அதை உணர்வதில்லை.

திடீர் வெடியொலி: ஒரே நொடியில் சேதம் விளைவிப்பது. காது அடைத்தல், இரைதல், வலி, சில வேளைகளில் குருதிக் கசிவு ஆகியவை அறிகுறிகள்.

இரண்டிலும் முதலில் கெடுவது பொதுவாக 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியாகும். சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் போல் ஒரு சரிவு தென்படும்.

தொழிற்கூடங்களில் எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபல் என்பது இந்தியத் தொழிற்சாலை விதிகளில் நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்ட வரம்பு. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பது 85 டெசிபல் ஆகும். இரைச்சலால் ஏற்படும் கேட்டல் இழப்பு, தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

பட்டாசு ஒலியின் அளவு

1999 அக்டோபர் 5 அன்று நடுவண் அரசு வெளியிட்ட விதியின்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் (ஏஐ) அல்லது உச்ச அளவில் 145 டெசிபல் (சி) என்பதை மீறும் பட்டாசுகளைச் செய்வதும் விற்பதும் வெடிப்பதும் தடை செய்யப்பட்டுள்ளன.

இந்த அளவு 4 மீட்டர் தொலைவுக்கு உரியது என்பதைக் கவனிக்க வேண்டும். திறந்த வெளியில் தொலைவு பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் ஒலியளவு ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். எனவே 4 மீட்டரில் 145 டெசிபல் உச்சம் உடைய வெடி, 1 மீட்டரில் சுமார் 157 டெசிபல் ஆகிறது. உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் உச்ச வரம்பு பெரியவர்களுக்கு 140 டெசிபல், சிறுவர்களுக்கு 120 டெசிபல் ஆகும். அதே வெடியின் ஓசை 120 டெசிபலாகக் குறைய, எளிய கணக்கின்படி, ஏறக்குறைய 70 மீட்டர் தொலைவு தேவை. சட்டப்படியான பட்டாசும் அருகில் நிற்கும் குழந்தையின் செவிக்குக் கேடு விளைவிக்கலாம் என்பது இதனால் விளங்கும்.

விபத்துகள்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய விபத்துகளில் உயிர் காப்பதும் தீக்காய சிகிச்சையும் முதலிடம் பெறுவது இயல்பே. அதனால் செவிப் பரிசோதனை தள்ளிப்போகக்கூடும். விபத்திலிருந்து தப்பியவர்களும், காயமின்றி அருகில் நின்றிருந்தவர்களும் கூடிய விரைவில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் செவியைக் காட்டுவது நன்று. கிழிந்த செவிப்பறை பல வேளைகளில் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். அதுவரை காதில் தண்ணீர் புகாமல் காக்க வேண்டும். நல்லெண்ணெய், பூண்டு எண்ணெய் முதலியவற்றை ஊற்றுதல் கூடாது. ஒரு காதோ இரு காதுகளோ திடீரெனக் கேளாமல் போனால் அதை அவசர நிலையாகக் கருத வேண்டும்; சிகிச்சை தொடங்குவதில் ஏற்படும் ஒவ்வொரு நாள் தாமதமும் பலனைக் குறைக்கும்.

கேட்டல் சோதனை

தேர்வின் முதற்படி கேட்டல் சோதனை ஆகும். ஓசை புகாத அறையில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான தனிச்சுரங்களை ஒவ்வொரு காதிலும் தனித்தனியே ஒலிக்கச் செய்து, கேட்கக்கூடிய மிகக் குறைந்த அளவு குறிக்கப்படுகிறது. இவ்வாறு கிடைப்பது ஆடியோகிராம் எனப்படும் கேள்திறன் வரைபடம். எலும்பு வழியாகவும் ஒலி செலுத்திப் பார்ப்பதால் குறைபாடு கடத்தல் வகையா, உணர்நரம்பு வகையா என்பது தெரியவரும். சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பேச்சுச் சோதனையும் நடத்தப்பட வேண்டும்.

உலக சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நன்றாகக் கேட்கும் காதின் சராசரி அளவைக் கொண்டு குறைபாடு பின்வருமாறு பகுக்கப்படுகிறது.

20 டெசிபலுக்குக் கீழ்: இயல்பு
20 முதல் 35க்குள்: இலேசானது, இரைச்சலான இடத்தில் பேச்சு விளங்குவது கடினம்
35 முதல் 50க்குள்: மிதமானது, அமைதியான இடத்திலும் உரையாடலைக் கேட்பது கடினமாகலாம்
50 முதல் 65க்குள்: மிதமான கடுமை, உரத்த குரல் தேவைப்படும்
65 முதல் 80க்குள்: கடுமையானது
80 முதல் 95க்குள்: மிகக் கடுமையானது
95உம் அதற்கு மேலும்: முழுமையான இழப்பு

சராசரியும் வரைபடமும்

சராசரி எண் மட்டும் போதாது என்பதைப் பின்வரும் கற்பனை எடுத்துக்காட்டால் அறியலாம். ஒருவருடைய கேள்திறன் 500 ஹெர்ட்ஸில் 15, 1000இல் 20, 2000இல் 40, 4000இல் 65 டெசிபல் எனக் கொள்வோம். நான்கின் சராசரி 35 ஆகும். அவருடைய தாழ்சுரக் கேள்திறனில் குறையேதும் இல்லை எனலாம். உயர்சுரங்களோ பெரிதும் குறைந்துள்ளன.

தமிழ்ப் பேச்சில் உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளது. க, ச, த போன்ற மெய்களைப் பிரித்தறிய உதவும் மெல்லிய கூறுகள் பெருமளவு 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளன. எனவே இவருக்குப் பிறர் பேசுவது கேட்கும். ஆனால் படி, கடி, தடி, அடி ஆகிய சொற்களுள் எது சொல்லப்பட்டது என்பது தெளிவாகாது. "சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை" என்று பலர் முறையிடுவது இதனால்தான். வீட்டார் இதைக் கவனக்குறைவு எனத் தவறாக எண்ணுவதுண்டு.

இத்தகையவருக்கு எல்லா ஒலிகளையும் சமமாகப் பெருக்கும் மலிவான கருவியைக் கொடுத்தால், ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் பேருந்து இரைச்சலும் மின்விசிறி ஓசையும் மேலும் உரக்கக் கேட்கும். தேவையான மெய்யொலிகள் அதில் மூழ்கிவிடும். அவர் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார். குறை கருவி என்னும் பொருளில் அன்று, வரைபடம் பாராமல் தேர்ந்தெடுத்ததிலேயே உள்ளது.

கருவியின் அமைப்பும் வளர்ச்சியும்

ஒலிவாங்கி, பெருக்கி, ஒலிபெருக்கி, மின்கலம் ஆகிய நான்கும் எல்லாக் காதொலிக் கருவிகளிலும் உள்ள அடிப்படை உறுப்புகள். மின்சாரம் வருமுன் ஊதுகொம்பு வடிவிலான செவிக்குழல்கள் பயன்பட்டன. 1898இல் அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிசன் கரிம ஒலிவாங்கியைக் கொண்ட மின் கருவியை உருவாக்கினார். பின்னர் வெற்றிடக் குழாய்களும், 1952-53 முதல் டிரான்சிஸ்டர் எனப்படும் திரிதடையமும் பயன்பாட்டுக்கு வந்தன. திரிதடையத்தை முதன்முதலில் பயன்படுத்திய நுகர்பொருள்களுள் காதொலிக் கருவி குறிப்பிடத்தக்கது. செவித்திறன் குறைந்தோருக்குக் கற்பித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் நினைவாக, பெல் ஆய்வகம் இக்கருவிகளுக்கு உரிமத்தொகை பெறவில்லை. 1990களின் நடுப்பகுதியில் முழுமையான எண்முறைக் கருவிகள் விற்பனைக்கு வந்தன.

எண்முறைக் கருவி ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. அவ்வெண்களை அதிர்வெண் வாரியாகப் பல தடங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தடத்துக்கும் வேறுவேறு அளவு பெருக்கம் கொடுக்கிறது. இவ்வேலை சில மில்லிநொடிகளில் முடிகிறது. மேலே கூறிய எடுத்துக்காட்டில், 500 ஹெர்ட்ஸைத் தொடாமல் 4000 ஹெர்ட்ஸை மட்டும் உயர்த்துவது இதனால் இயலும்.

மற்றொரு முக்கிய வசதி ஒலி நெருக்கம் ஆகும். உட்செவி கெட்டவருக்கு மெல்லிய ஒலி கேட்பதில்லை. ஆனால் உரத்த ஒலி இயல்பானவருக்குப் போலவே, சில வேளைகளில் மிகுதியாகவும், காதைத் தாக்குகிறது. எனவே கருவி மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்க வேண்டும். கருவி வெளியிடக்கூடிய உச்ச அளவையும் அணிபவரின் தாங்குதிறனுக்கு ஏற்ப நிறுத்த வேண்டும். தீபாவளி, கோயில் திருவிழா ஆகிய காலங்களில் பட்டாசு ஒலி மிகுந்த ஊர்களில் இவ்வமைப்பு இன்றியமையாதது.

கருவிகளின் வகைகள்

சட்டைப்பை வகை: கருவி சட்டைப்பையில் இருக்க, கம்பி வழியே ஒலி காதுக்கு வரும். விலை குறைவு, பொத்தான்கள் பெரியவை என்பதால் கைநடுக்கம் உள்ள முதியோருக்கு எளிது. துணி உரசும் ஓசை, கம்பி அறுதல் ஆகியவை குறைகள். இன்று பயன்பாடு குறைந்து வருகிறது.

காதுக்குப் பின் அணியும் வகை: மிக இலேசானது முதல் மிகக் கடுமையான குறைபாடு வரை ஏற்றது. காதின் அச்சு எடுத்துச் செய்த செவியச்சு வழியே ஒலி செல்லும். குழந்தைகளுக்கு இதுவே பரிந்துரைக்கப்படுகிறது. வளரும்போது செவியச்சை மட்டும் மாற்றினால் போதும்.

ஒலிபெருக்கி காதினுள் அமையும் வகை: உடல் காதுக்குப் பின்னும் சிறு ஒலிபெருக்கி காதுத் துளையிலும் இருக்கும். திறந்த நுனியுடன் அணியும்போது தாழ்ந்த ஒலிகள் இயல்பாகவே உள்ளே செல்லும். தன் குரல் பானைக்குள் பேசுவது போல் ஒலிக்காது. உயர் அதிர்வெண் மட்டும் குறைந்த, இரைச்சலால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் பொருத்தமானது. குறும்பியால் ஒலிபெருக்கி அடைபடுவது இதன் குறை.

காதினுள் அணியும் வகைகள்: வெளியே தெரியாதவை. மின்கலம் சிறியது, வலிமை குறைவு. கடுமையான குறைபாட்டுக்கும் சீழ் வடியும் காதுக்கும் பொருந்தா.

எலும்பு வழிக் கருவி: காதுத் துளை வழியே ஒலி செலுத்த இயலாதவர்களுக்கு உரியது. தொடர்ந்து சீழ் வடிவோரும், பிறவியிலேயே காதுத் துளை இல்லாதோரும் இதனால் பயன் பெறுவர்.

காக்ளியர் உள்வைப்பு: இது காதொலிக் கருவி அன்று. அறுவை சிகிச்சை மூலம் செவிநத்தையில் மின்முனைகளைப் பொருத்தி நரம்பை நேரடியாகத் தூண்டுவது. காதொலிக் கருவியால் பயன் பெற இயலாத அளவு குறைபாடு உள்ளவர்களுக்கு உரியது.

தேர்வின்போது கவனிக்க வேண்டியவை

முதலில் மருத்துவர், பிறகு கருவி: காது, மூக்கு, தொண்டை மருத்துவர் செவியைப் பார்த்த பின்னரே கேட்பியல் வல்லுநரிடம் செல்ல வேண்டும். சீழ், வலி, தலைச்சுற்றல், ஒரு காதில் மட்டும் குறைபாடு ஆகியவை இருப்பின் இது கட்டாயம். சோதனை செய்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமம் போன்ற முறையான அமைப்பில் பதிவு பெற்றவரா எனக் கேட்டறியலாம்.

வரைபடத்தைக் கேட்டுப் பெறுதல்: சோதனையின் அச்சுப்படியைப் பயனர் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு ஊரில் கருவி வாங்கவும், சில ஆண்டுகளுக்குப் பின் ஒப்பிட்டுப் பார்க்கவும் அது உதவும்.

வலிமை: கருவியின் பெருக்கத் திறன் இன்றைய குறைபாட்டுக்குப் போதுமானதாக இருப்பதுடன், குறைபாடு சற்றுக் கூடினாலும் ஈடுகொடுப்பதாக இருத்தல் நன்று.

இரு காதுகள்: இரண்டிலும் குறைபாடு இருந்தால் இரண்டுக்கும் கருவி அணிவது ஒலி வரும் திசையை அறியவும், இரைச்சலில் பேச்சைப் பிரித்தறியவும் உதவும். பணம் ஒன்றுக்கே போதுமெனில் எந்தக் காதுக்கு என்பதைப் பேச்சுச் சோதனையைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

விலை: இந்தியாவில் கருவிகள் சில ஆயிரம் ரூபாயிலிருந்து ஓர் இலட்சம் ரூபாய்க்கும் மேல் விற்கப்படுகின்றன. விலை கூடக்கூடத் தடங்களின் எண்ணிக்கை, திசையறி ஒலிவாங்கி, இரைச்சல் குறைப்பு, புளூடூத் முதலியவை கூடுகின்றன. வீட்டிலேயே இருக்கும் முதியவருக்கு இவற்றில் பல தேவைப்படா. சந்தையிலும் கடையிலும் பலரோடு பேசுபவருக்குத் திசையறி ஒலிவாங்கி பயன்மிக்கது. விலை உயர்ந்த கருவி தவறாகச் சீரமைக்கப்பட்டதை விட, எளிய எண்முறைக் கருவி சரியாகச் சீரமைக்கப்பட்டது மேலானது.

பொருத்திப் பார்த்தல்: வாங்குமுன் கருவியை அணிந்து பார்க்க வேண்டும். கடையின் அமைதியான அறையில் மட்டுமன்றித் தெருவிலும் நின்று கேட்பது நல்லது. நுண்குழல் ஒன்றைக் காதினுள் வைத்து, செவிப்பறை அருகே உண்மையில் சேரும் ஒலியை அளக்கும் வசதி உள்ள இடம் கிடைத்தால் அதையே நாடலாம்.

பின்னாளைய சேவை: கருவி வாங்கிய முதல் சில மாதங்களில் பல முறை சீரமைக்க வேண்டியிருக்கும். மதுரையிலோ சென்னையிலோ மட்டும் சேவை உள்ள கருவியை விட, அருகில் சேவை கிடைக்கும் கருவி கிராமத்தாருக்கு ஏற்றது. உத்தரவாதக் காலம், செவியச்சின் விலை, பழுது நீக்கும் நாட்கள் ஆகியவற்றை எழுத்தில் பெறுதல் வேண்டும்.

கடைகளிலும் இணையத்திலும் சோதனையின்றி விற்கப்படும் ஒலிபெருக்கிக் கருவிகள் காதொலிக் கருவிகள் ஆகமாட்டா. அவற்றுள் சில உச்ச அளவு வரம்பு இல்லாதவை. எஞ்சியுள்ள கேள்திறனையும் கெடுக்கக்கூடும். அமெரிக்காவில் 2022 அக்டோபர் முதல் பரிந்துரையின்றி விற்க அனுமதிக்கப்பட்ட வகையும், 18 வயது நிரம்பிய, இலேசான அல்லது மிதமான குறைபாடு உடையவர்களுக்கு மட்டுமே உரியதாகும்.

பட்டாசுத் தொழிலாளர் கவனத்திற்கு

பட்டாசு ஆலைகளின் மருந்துக் கலவை அறை, மருந்து செலுத்தும் அறை ஆகியவற்றில் சிறு பொறியும் பேரழிவை உண்டாக்கும். இவ்விடங்களில் கைப்பேசி போன்ற மின்னணுப் பொருள்கள் அனுமதிக்கப்படுவதில்லை. காதொலிக் கருவியும் மின்கலம் கொண்ட மின்னணுக் கருவியே. வெடி அபாயம் உள்ள சூழலில், அதற்கெனச் சான்று பெற்றிருந்தாலன்றி அணியக்கூடாது எனப் பல கருவிகளின் கையேடுகள் குறிப்பிடுகின்றன.

இதனால் ஓர் இக்கட்டு எழுகிறது. கருவியைக் கழற்றிவிட்டு உள்ளே செல்லும் தொழிலாளிக்கு, ஆபத்தின்போது "ஓடுங்கள்" என்று பிறர் கூவுவது கேளாமல் போகலாம். அணிந்து செல்வதும் கழற்றிச் செல்வதும் இரண்டுமே இடராகும். ஆகவே கேட்டல் குறைபாடு உள்ளவர் தமது நிலையை மறைக்காமல் கண்காணிப்பாளரிடம் கூறி, மருந்து கையாளாத பணிக்கு மாற்றம் பெறுவதே பாதுகாப்பானது. பேப்பர் வெட்டுதல், பெட்டியில் அடைத்தல், அட்டை ஒட்டுதல் போன்ற பணிகளை மருந்து அறைகளிலிருந்து தள்ளியுள்ள இடங்களில் செய்யலாம். வேலை போய்விடும் என்னும் அச்சத்தால் குறைபாட்டை மறைப்பவர் உண்டு. அவ்வச்சத்தைப் போக்குவது ஆலை நடத்துவோரின் கடமை. கண்ணால் காணக்கூடிய எச்சரிக்கைக் குறிகளும், உடன் பணிபுரிபவர் கைச்சாடை காட்டும் ஏற்பாடும் அனைவருக்கும் நன்மை தரும்.

காதொலிக் கருவி செவிக் காப்பு ஆகாது. வெடித்துப் பார்க்கும் இடத்தில் பணிபுரிவோர் கருவியைக் கழற்றிவிட்டுச் செவிமூடி அணிய வேண்டும். நூற்பாலை, அச்சுக்கூடத் தொழிலாளர்களும் பணி நேரத்தில் செவியடைப்பான் அணிந்து, பணி முடிந்த பின் காதொலிக் கருவியை அணிவதே முறை. பஞ்சைத் திரித்துக் காதில் வைப்பது போதிய காப்பு அன்று.

குழந்தைகள்

பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைக்குக் காலம் மிக முக்கியம். பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்துக்குள் கருவி அல்லது பிற பயிற்சி என்பது உலகளவில் ஏற்கப்பட்ட நெறி. மொழி கேட்காத குழந்தைக்குப் பேச்சு வருவதில்லை. "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" எனக் காத்திருப்பதால் இழக்கும் ஆண்டுகளைப் பின்னர் ஈடுசெய்வது கடினம். சைகை மொழியும் முழுமையான மொழியே. கருவியோடு அதையும் கற்பிப்பதில் தடையேதும் இல்லை.

மின்கலமும் பராமரிப்பும்

பல கருவிகளில் துத்தநாக-காற்று மின்கலம் பயன்படுகிறது. அளவுகள் நிறத்தால் அறியப்படும்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 செம்மஞ்சள், 675 நீலம். ஒட்டுத்தாளை உரித்ததும் காற்று உட்புகுந்து வேதிவினை தொடங்கும். ஓரிரு நிமிடம் காத்திருந்து பின் கருவியில் இடுவது நல்லது. தாளை மீண்டும் ஒட்டினாலும் வினை முழுமையாக நிற்காது. எனவே தேவைக்கு முன் உரித்தல் கூடாது. உள்ளூரில் கிடைக்கும் அளவையே தேர்வது வசதி. மீள்மின்னேற்றக் கருவிகளுக்கு நாள்தோறும் மின்சாரம் தேவை.

பொத்தான் மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தின் வெயிலில் வியர்வையே கருவியின் முதற்பகை. இரவில் மின்கலக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் உள்ள டப்பாவில் வைக்க வேண்டும். மெல்லிய உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்; நீரில் கழுவுதல் கூடாது. செவியச்சை மட்டும் கருவியிலிருந்து பிரித்துக் கழுவி, முழுதும் உலர்த்திப் பொருத்தலாம். கருவியில் ஐபி68 என்னும் குறி இருந்தால் தூசியையும் நீரையும் தாங்கும் திறன் மிகுதி எனப் பொருள்.

அரசு உதவிகள்

கேட்டல் குறைபாட்டைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் தேசியத் திட்டம் ஒன்று 2006-07இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, மாவட்ட அலுவலகங்கள் மூலம் காதுக்குப் பின் அணியும் காதொலிக் கருவிகளை இலவசமாக வழங்குகிறது. நடுவண் அரசின் உதவி உபகரணத் திட்டத்தில், குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டோருக்குக் கருவிகள் கிடைக்கின்றன. இளங்குழந்தைகளுக்கான காக்ளியர் உள்வைப்பு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவு பெற்ற தொழிலாளர்கள் அதன் மருத்துவமனைகளையும் அணுகலாம். 2022 சனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியால், சிறப்பு மருத்துவத்துக்கு மதுரை வரை செல்ல வேண்டிய தேவை இப்பகுதி மக்களுக்குக் குறைந்துள்ளது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன்படி, இரு காதுகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 முதல் 70 டெசிபல் இழப்பு உள்ளவர் செவித்திறன் குறைந்தவர்; 70 டெசிபல் இழப்பு உள்ளவர் காது கேளாதவர். ஆனால் காதொலிக் கருவியின் தேவை இதற்கு வெகு முன்னரே தொடங்கிவிடுகிறது. 45 அல்லது 50 டெசிபல் இழப்பு உள்ள தொழிலாளி அன்றாட உரையாடலில் இடர்ப்படுவார். எனினும் இச்சட்ட வரையறைக்குள் வருவதில்லை. சான்றிதழ் கிடைக்கவில்லை என்பதால் தமக்குக் குறைபாடே இல்லை என அவர் முடிவு செய்துவிடக்கூடாது. வரைபடத்துடன் கேட்பியல் வல்லுநரை அணுகுவதே சரி.

பழகுதலும் வரம்புகளும்

கருவி அணிந்த முதல் நாளில் பாத்திர ஓசையும் காகிதச் சரசரப்பும் பெருந்தொல்லையாகத் தோன்றும். பல ஆண்டுகளாகக் கேளாத ஒலிகளை மூளை மீண்டும் பழகிக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். முதலில் வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசும்போது சில மணி நேரமும், பின்னர் படிப்படியாக வெளியிலும் அணிவது நன்று. காது இரைச்சல் உள்ள பலருக்குக் கருவி அணிவதால் அத்தொல்லையும் தணிகிறது.

கருவி செவியைக் குணப்படுத்துவதில்லை. எஞ்சியுள்ள மயிர்க்கலங்களுக்கு ஏற்ற ஒலியைக் கொண்டு சேர்க்கிறது. சில அதிர்வெண்களில் மயிர்க்கலங்களே எஞ்சவில்லையெனில் அங்கு எவ்வளவு பெருக்கினாலும் பயனில்லை. எனவே வீட்டார் முகம் பார்த்து, கத்தாமல், சற்று நிதானமாகப் பேசுவது கருவியின் பயனை மிகுவிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கேட்டல் சோதனை செய்து, கருவியை அதற்கேற்ப மீண்டும் சீரமைக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

செவி
கேட்டல் குறைபாடு
டெசிபல்
ஒலி மாசு
காக்ளியர் உள்வைப்பு
சிவகாசி
விருதுநகர் மாவட்டம்